மானுக்கும் ஒரு புரட்டாசிப் பட்டம்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும்: 'தண்ணீர் தேடி ஊருக்குள் வந்த புள்ளிமானை நாய்கள் கடித்துக் குதறின.' ஊர்ப் பெயர்தான் மாறும். ஒருமுறை மேலூர்ப் பக்கம், ஒருமுறை கொட்டாம்பட்டி, ஒருமுறை சிங்கம்புணரி. வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நடந்துவிட்டு டீக்கடையில் பேப்பரைப் பிரிக்கிறவர்கள், "காட்டுக்குள்ள ஒரு தொட்டி கட்டி தண்ணி ஊத்துனா என்னவாம்?" என்று கேட்பார்கள். வனத்துறை தொட்டி கட்டி ஊற்றத்தான் செய்கிறது. மானை வெளியே இழுப்பதில் தாகத்துக்குப் பாதிப் பங்குதான், மீதி பசி. அந்தப் பசியைத் தீர்க்கும் வேலையைப் பங்குனியில் தொடங்க முடியாது, புரட்டாசியிலேயே தொடங்க வேண்டும்.

மானுக்கென்று பருவம் பார்த்து விதைப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்காரர்கள் கோடை முடிவில் காட்டோரத்தில் ஓட்ஸ், ரை, குளோவர், டர்னிப் எல்லாம் விதைக்கிறார்கள். உறைபனி விழுந்ததும் டர்னிப் இலையில் இனிப்பு ஏறும். மான் மேய வரும், துப்பாக்கி காத்திருக்கும்.

இங்கே அந்தக் கதைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மானைக் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. இரை காட்டி இழுப்பதும், அதற்கு முயல்வதும்கூட அதன் கணக்கில் வேட்டையே. ஆகவே நம் ஊரில் கேள்வி தலைகீழ்: காட்டை விட்டு மான் வெளியே வராமலிருக்கக் காட்டுக்குள் எது வளர வேண்டும்?

முதலில் புல். மதுரைச் சமவெளியின் ஆண்டு மழையில் பாதிக்குக் கிட்ட ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. மானாவாரிக் காட்டில் சோளமும் கம்பும் விதைக்கிற அதே பட்டம்தான் காட்டுப் புல்லுக்கும். கொழுக்கட்டைப்புல் இந்த மண்ணுக்குப் பழகியது. ஒருமுறை வேர் பிடித்தால் வறட்சியில் காய்ந்தாலும் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து துளிர்க்கும். ஆனால் தை கடந்தால் எந்தப் புல்லும் முற்றி நார் ஏறிவிடும். அதன்பின் புள்ளிமான் தழைக்கும் உதிர்ந்த பழத்துக்கும் மாறுகிறது. காட்டில் அவை இல்லையென்றால், கிணற்றுப் பாசனத்தில் பச்சையாக நிற்கும் தட்டைப்பயறும் நிலக்கடலையும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும்.

இங்கேதான் நெல்லி வருகிறது. கார்த்திகை முதல் மாசி வரை காய் உதிர்க்கும் மரம் அது. முதுமலையில் உதிர்ந்த கனியை யார் தின்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் தானியங்கிக் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். புள்ளிமான் அதில் முக்கியமான விருந்தாளி. காயை விழுங்கிய மான் வேறிடத்தில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடுகிறது. சாப்பாடு போட்ட மரத்துக்கு இலவச நடவு. ஆல், அத்தி, நாவல், இலந்தை என்று பழம் தரும் மரங்களைக் கலந்து வைத்தால், ஒன்று ஓயும்போது இன்னொன்று கைகொடுக்கும்.

எதை நடுவது என்பதைப் போலவே எதைப் பிடுங்குவது என்பதும் முக்கியம். உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் புல் தலைதூக்காது. சீமைக் கருவேலத்தின் இனிப்புக் காயை மான் விரும்பித் தின்னும், ஆனால் விதை சாணத்தோடு முழுசாக வெளியேறிப் புதுப் புதராகும். இப்படி வந்தேறிய செடிகளை அகற்ற 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்குள் நாட்டுப் புல் விதைக்காவிட்டால் அதே புதர் திரும்ப முளைக்கும்.

தீவனத்தைக் கொண்டுபோய் ஓரிடத்தில் கொட்டுவது இதற்கு மாற்றாகாது. கூட்டம் சேர்ந்தால் நோயும் சேரும். 1967-இல் கொலராடோவில் முதன்முதலில் கண்ட, மான்களை உருக்கிக் கொல்லும் நோய்க்கு அஞ்சி அமெரிக்காவின் பல மாநிலங்களே தீவனம் வைப்பதைத் தடுத்திருக்கின்றன. நம் பக்கம் மாட்டிடமிருந்து மானுக்குக் கோமாரி தொற்றும் அபாயம் உண்டு.

விதையிலிருந்து வரும் நெல்லிக் கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். மழைக்கு முன் மரக்கன்று நடும் அமைப்புகள் இந்த வருடம் சாலையோரப் பூமரங்களில் ஒரு பங்கைக் குறைத்து, வனத்துறையைக் கேட்டு, மலையடிவாரத்துக்கு நெல்லியும் நாவலும் கொடுக்கட்டும்.