120 ஓர்க்குகளும் 10 புள்ளிகளும்

ஒரு விளையாட்டில் ஜெயிக்க பெயிண்ட் அடித்திருக்க வேண்டுமா? கேள்வியே கொஞ்சம் விசித்திரமாத்தான் இருக்கு. ஆனால் வார்ஹாமர் 40,000 ஆடுகிற நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். அன்றைய ஆட்டம் நடக்காது, சண்டை மட்டும்தான் நடக்கும் :-)

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-ல் வெளியிட்ட மேசைப் போர் விளையாட்டு இது. கட்டைவிரல் உயரத்துக்குச் சற்றே கூடக்குறைய இருக்கும் வீரர் பொம்மைகள், பகடை, அளவு நாடா, இவ்வளவுதான் கருவிகள். பொம்மைகள் முழுசாக வராது. பிளாஸ்டிக் சட்டத்தில் கை வேறு, தலை வேறு, துப்பாக்கி வேறாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, பிசிறு சுரண்டி, பசை போட்டு ஒட்டி, பிரைமர் அடித்து, அப்புறம்தான் வண்ணம். இந்தச் சாம்பல் நிற பிளாஸ்டிக்கை விற்றே அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்களின் பட்டியலில் நுழைந்துவிட்டது. பி.காம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய கம்பெனிதான், அது தனிக் கதை.

விஷயம் என்னவென்றால், 2020-ல் வந்த 9-ஆம் பதிப்பு விதிகளில் ஒரு சின்ன வரி சேர்ந்தது. ஒருவருடைய படையில் உள்ள எல்லா பொம்மைகளும் 'போருக்குத் தயார்' என்ற தரத்தில் வண்ணம் பூசப்பட்டிருந்தால் அவருக்கு 10 வெற்றிப் புள்ளி இனாம். ஆட்டத்தின் உச்சபட்சமே 100 புள்ளிதான். 2023-ல் வந்த 10-ஆம் பதிப்பிலும் இந்த 10 தொடர்ந்தது. தரம் ஒன்றும் பெரிசில்லை. முக்கியமான பகுதிகளுக்கு நிறம் இருக்க வேண்டும், பொம்மை நிற்கிற வட்டத் தட்டில் மண்ணோ மணலோ மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். யாரும் மைக்கேலாஞ்சலோ ஆக வேண்டியதில்லை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் கணக்குப் போட்டால் நியாயம் உதிர ஆரம்பிக்கிறது.

ஒருவர் ஓர்க் படை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பச்சைத் தோல் முரடர்கள், கூட்டமாக வந்து விழுவதுதான் அவர்கள் பாணி. 2,000 புள்ளி மதிப்புள்ள படைக்கு 120 பொம்மை. ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் 4,800 நிமிடம், அதாவது 80 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 40 நாள். எதிரே நிற்பவர் கஸ்டோடிஸ் படை வைத்திருக்கிறார். பேரரசரின் தங்கக் கவசக் காவலர்கள், ஆளுக்கு ஆள் விலையும் பலமும் அதிகம், அதனால் எண்ணிக்கை குறைவு. 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்க நிற ஸ்ப்ரேயை அடித்து, மேலே பழுப்பு வாஷ் ஊற்றினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. தாராளமாக ஒன்றுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுத்தாலும் 40 மணி நேரம்தான். 80 மணி நேரம் உழைத்தவருக்கும் 10, 40 மணி நேரம் உழைத்தவருக்கும் 10. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று வரி போடுவது எப்படியோ, இதுவும் அப்படித்தான்.

அதைவிட மோசம் 'எல்லா பொம்மைகளும்' என்ற வார்த்தை. 119 ஓர்க் முடித்து ஒன்று சாம்பலாக நின்றால் புள்ளி பூஜ்யம். எட்டு செமஸ்டரும் கிளியர் பண்ணி ஒரே ஒரு அரியரில் தொங்குகிறவனைக் கேளுங்கள், இந்த வலி புரியும்.

பெரிய படைக்கு வண்ணம் தீட்டுவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இந்த விதி யாரைத் தண்டிக்கிறது என்பது இன்னும் தெளிவாகும். நூறு பொம்மையை ஒவ்வொன்றாக முடிக்கிறவர் அபூர்வம். இருபதை வரிசையாக நிறுத்தி, இருபதுக்கும் தோலுக்குப் பச்சை. பிறகு இருபதுக்கும் பூட்ஸுக்குப் பழுப்பு. பிறகு துப்பாக்கிக்கு உலோக நிறம், பல்லுக்கு எலும்பு நிறம். கடைசி ஆளுக்குப் பச்சை அடித்து முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான், காத்திருக்க வேண்டாம். ஒரு நிறத்துக்கு ஒரே தடவை பிரஷ் கழுவினால் போதும். அப்புறம் மொத்தத்துக்கும் கறுப்பு வாஷ். அது பள்ளங்களில் தானாக ஓடித் தேங்கி நிழல் மாதிரி நின்றுவிடும். 'திரவத் திறமை' என்று அதற்கு ஆட்டக்காரர்கள் கிண்டலாகப் பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். 2019-ல் ஒரே பூச்சில் நிறத்தையும் நிழலையும் தருகிற கான்ட்ராஸ்ட் பெயிண்டுகள் வந்தபின் இந்த வேலை இன்னும் குறைந்தது.

எல்லாம் ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய குண்டூசித் தொழிற்சாலைதான். வேலையைப் பிரித்துச் செய்தால் பத்து பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசி. ஆனால் பாடத்தில் அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே புத்தகத்தில் பின்னால், ஒரே மாதிரியான சில வேலைகளையே வாழ்நாள் முழுக்கச் செய்கிறவனின் புத்தி மழுங்கிப்போகும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். 73-வது ஓர்க் தோளில் பச்சை தடவுகிறவருக்கு முதல் பக்கம் ஞாபகம் வராது, இந்தப் பக்கம்தான் வரும். இந்த முறையில் இன்னொரு கஷ்டமும் உண்டு. மூன்று ராத்திரி உட்கார்ந்தாலும் முழுசாக முடிந்தது ஒன்றுகூட இருக்காது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் பாதி முடிந்த சரக்குக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கணக்கில் காட்டுவார்கள். இந்த விதி அதற்குச் சைபர் போடுகிறது.

மறுபக்கமும் வெறும் வாதம் இல்லை. வண்ணம் பூசிய இரண்டு படைகள் மோதும்போது மேசை ஒரு சினிமா மாதிரி இருக்கும். சாம்பல் கூட்டத்தில் எவன் தளபதி, எவன் சிப்பாய் என்றுகூடத் தெரியாது. எதிரே நிற்பவரும் இரண்டு மூன்று மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டுதானே நிற்க வேண்டும்? வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்கி, ஒன்றையும் தொடாமல் வைத்திருப்பவர்களை இந்த 10 புள்ளி உட்கார வைத்ததும் உண்மை. (பெயிண்டையும் அதே கம்பெனிதான் விற்கிறது என்பதைச் சும்மா அடைப்புக்குறிக்குள் வைப்போம்.)

ஆனால் யார் பூசியது என்று விதி கேட்பதில்லையே! காசு கொடுத்தால் பூசித் தர ஆள் இருக்கிறார்கள். பல நாடுகளில் இது ஒரு தொழில். மேற்கத்திய ஆட்டக்காரர்களின் பொம்மைகளுக்குக் கூலிக்கு வண்ணம் தீட்டித் தரும் பட்டறைகள் இலங்கையிலும் இருந்து வந்திருக்கின்றன. அந்தக் கைவேலைக்காரர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, அவர்கள் திறமைக்குக் கூலி வாங்குகிறார்கள். காசு கொடுப்பதும் தப்பில்லை. எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' எழுதிய காலத்தில் ஈயச் சிப்பாய்கள் கடையிலிருந்து வரும்போதே வண்ணத்தோடுதான் வந்தன. பிரஷ் பிடித்தால்தான் ஆட்டக்காரன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கேள்வி வேறு. கூரியர் செலவு உட்படக் கொடுக்க வசதி உள்ளவருக்கு 10, பகுதி நேர வேலைக்கும் போய்க்கொண்டு 80 ஓர்க் வரை முடித்த மாணவனுக்குப் பூஜ்யம். உழைப்புக்கான பரிசு என்று இதைச் சொல்ல முடியுமா?

"நண்பர்களுக்குள் ஆடும்போது விட்டுக்கொடுத்துவிடலாமே" என்பார்கள். நண்பர்கள் விட்டுக்கொடுப்பார்கள். கடைக்குப் புதிதாக வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு நண்பர்கள் இல்லை, புத்தகம்தான் இருக்கு. 85-க்கு 80 என்று ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு, பெயிண்டில் 85-க்கு 90 என்று தோற்று வீட்டுக்குப் போவான். அடுத்த வாரம் வருவானா?

அழகான படைக்குத் தனிப் பரிசு கொடுங்கள், தாராளமாக. கோல்டன் டீமன் என்று வண்ணம் தீட்டலுக்கே தனிப்போட்டியை அந்த நிறுவனம் 1987-லேயே ஆரம்பித்தது. பகடை ஆட்டத்தின் புள்ளியோடு அதைக் கலக்கத்தான் வேண்டுமா? கலந்தே தீருவோம் என்றால் சதவீதக் கணக்கில் கலக்கலாம். முடித்த அளவுக்குப் புள்ளி. யார் எண்ணுவது என்று உடனே கேட்பார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் விலை கூட்டி 2,000-க்குள் படை கட்டத் தெரிந்தவர்களுக்கு, 120-ல் 84 எத்தனை சதவீதம் என்று போடவா தெரியாது? 70. ஏழு புள்ளியைக் கொடுத்துவிட்டுப் பகடையை உருட்டுங்கள்.