கந்தளாய் வீதிக்கு ஓரம் எங்கே?



திருகோணமலையைச் சுற்றுலா மாவட்டமாக்குவது பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். அந்தப் பேச்சில் இப்போது சைக்கிள் சவாரியும் சேர்ந்துகொள்கிறது. நிலாவெளிக் கடற்கரை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கந்தளாய்க் குளத்துக் காற்று, தலைக்கவசம் போட்ட வெள்ளைக்காரர். வரட்டும், நல்லது. நான் தம்பலகாமத்தில் சைக்கிள் திருத்துகிறவன்; அவர்கள் வந்தால் எனக்கும் நாலு காசு. ஆனால் இதே வீதிகளில் இன்றைக்கே சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு வரிகூட எந்தத் திட்டத்திலும் காணோம்.

விடியப் பார்த்தால் தெரியும். இராத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மண்வெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு வருகிற விவசாயி, குளத்து மீனைப் பெட்டியில் வைத்துக் கூவி விற்கிறவர், பால் கேன் தொங்கவிட்டவர், வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தம்பலகாமத்துத் தமிழர், முள்ளிப்பொத்தானை முஸ்லிம்கள், கந்தளாய்ச் சிங்களவர் எல்லாருக்கும் வயலுக்குத் தண்ணீர் தருவது ஒரே குளம். அவர்கள் ஏறி இறங்குவதும் அதே ஏ-6 நெடுஞ்சாலை. திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் சைக்கிள்காரருக்கென்று ஒதுக்கிய இடம் எங்கே என்பதுதான் என் கேள்வி.

வீதி நல்ல வீதிதான், அதை மறைக்கவில்லை. போர்க்காலத்தில் குழிக்குள் குழியாக இருந்ததை நினைத்தால் இன்றைய காபட் வீதி பெரிய வசதி. சிக்கல் அதன் விளிம்பில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டு உருட்டுகிறார்கள். நடு உயர்கிறது, ஓரத்துக் கிறவல் உயர்வதில்லை. மாரி மழை வந்து அந்தக் கிறவலையும் அரித்துக்கொண்டு போக, தாருக்கும் மண்ணுக்கும் இடையில் சில இடங்களில் ஒரு சாண் பள்ளம் நிற்கிறது. பின்னால் வருகிற பஸ் கோர்ன் அடிக்கிறது. சைக்கிள்காரர் ஓரத்துக்குப் போகிறார், முன்சில்லு பள்ளத்தில் இறங்குகிறது. அதோடு நின்றால் ஒரு சிராய்ப்போடு போகும். ஆபத்து திரும்ப ஏறும்போதுதான். சில்லைச் சரிவாகத் திருப்பி ஏற்றப் பார்ப்பார். தார் விளிம்பு சில்லின் பக்கத்தை உரசிப் பிடித்துக்கொள்ளும். சில்லு ஏறாது, ஆள் மட்டும் வீதிக்குள் விழுவார். விழுகிற பக்கம் அடுத்த வாகனம் வருகிற பக்கம். என் கடைக்கு வருகிற வளைந்த றிம்களில் பெரும்பாலானவை முன்சில்லுதான். விழுந்தவர் வந்து, கைக்கட்டோடு நின்றபடி, தன் கவனக்குறைவு என்று சொல்லிக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இதற்கு வழி தெரியாமலா இருக்கிறது? அமெரிக்காவில் தார் போடும் இயந்திரத்தில் ஒரு தகட்டைப் பொருத்தி, விளிம்பைச் செங்குத்தாக விடாமல் ஏறக்குறைய 30 பாகைச் சரிவாக அழுத்தி முடிக்கிறார்கள். ஓரத்து மண் கரைந்து போனாலும் இறங்கிய சில்லு திரும்ப ஏறும். அதைவிட நல்லது, தாரையே இன்னும் இரண்டு முழம் அகலமாகப் போட்டு ஒரு வெள்ளைக் கோடு கீறிவிடுவது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. தேசிய வீதி ஒரு கந்தோரின் கையில், குளக்கட்டு இன்னொரு கந்தோரின் கையில், உள்வீதி பிரதேச சபையின் கையில் என்று பிரிந்து கிடப்பதால், ஓரம் ஒருவர் கையிலும் இல்லாமல் போய்விட்டது.

அறுவடைக் காலத்தில் இன்னொரு வில்லங்கம். நெல்லைக் காயவிட வேறு தளம் இல்லாமல் எங்கள் விவசாயிகள் வீதி ஓரத்தில்தான் பரப்புகிறார்கள். கல்லை வைத்து எல்லை கட்டி, சாக்கை விரித்து, நீளத்துக்கு நெல். மோட்டார் வாகனம் ஒதுங்கிப் போகலாம். சைக்கிள் ஒதுங்கினால் நடுவீதிக்குத்தான் ஒதுங்கவேண்டும். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அந்தச் சைக்கிளை ஓட்டுகிறவரும் அநேகமாக அவர் பிள்ளைதான். ஊருக்கு ஒரு காயவிடும் தளம் கட்டிக் கொடுத்தால் நெல்லுக்கும் நல்லது, வீதிக்கும் நல்லது. இதை வீதிப் பிரச்சினையாக யாரும் எழுதுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

இனிக் கந்தளாய்க் குளக்கட்டுக்கு வருகிறேன். 14,000 அடி நீளம், அதாவது நாலு கிலோமீட்டருக்கும் மேல். ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் கீழே மரமும் வயலும். சைக்கிள் ஓட இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. இதைக் கட்டியது கோணேசர் கல்வெட்டு சொல்கிற குளக்கோட்டனா, சிங்கள வரலாறு சொல்கிற இரண்டாம் அக்கபோதியா என்று வாதாடியே எங்களுக்குப் பொழுது போய்விட்டது. கட்டின் மேல் எது ஓடலாம், எது ஓடக்கூடாது என்று வாதாட ஆளில்லை.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை மூன்று மணியளவில் இந்தக் கட்டு உடைந்தது. சித்திரை வருடப் பிறப்புக் கழிந்து ஒரு வாரம் ஆகவில்லை. 120க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன, 2,000 ஏக்கர் நெல் வயல் நாசமானது. தூக்கத்தில் கிடந்த குடும்பங்கள் எழும்ப முதல் தண்ணீர் கூரைக்கு வந்தது என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். உடைப்புக்கான முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது, மிகப் பாரமான வாகனங்களைக் கட்டின் மேல் ஓட்டியது. கட்டைத் திருப்பிக் கட்டினார்கள், குளம் நிரம்பியது, வேளாண்மை நடந்தது. அந்தப் பாடத்தை மட்டும் கம்பியாகவும் சீமெந்தாகவும் நிரந்தரமாக நட்டு வைத்தோமா? மகாவலி மணலும் மலைக் கல்லும் ஏற்றிய டிப்பர்கள் இந்தப் பிரதேசமெங்கும் இராப்பகலாக ஓடுகின்றன. அவற்றின் சாரதி குறுக்குப் பாதை தேடாமல் இருக்க ஒரு அறிவித்தல் பலகை போதாது. கட்டின் இரண்டு தலைப்பிலும் உயரம் குறைந்த குறுக்குக் கம்பம் வேண்டும். சைக்கிளும் நடையும் போகும், குளத்து வேலைக்கான வாகனத்துக்குத் திறக்கலாம், டிப்பர் போகாது. அணைக்கும் பாதுகாப்பு, சைக்கிள்காரருக்கும் ஒரு பாதை. ஒரே செலவு.

வெளிநாடுகளில் இது புதுமையில்லை. இங்கிலாந்தின் பீக் மாவட்ட மலைகளுக்கு நடுவில் டேர்வென்ட் நீர்த்தேக்கங்களின் ஓரமாகப் போகிற வீதியின் மேற்பகுதியை வார இறுதிகளில் மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். காரில் வருகிறவர் கீழே விட்டுவிட்டு நடப்பார், அல்லது சைக்கிள் எடுப்பார். தாய்வானில் மலைகளுக்கு நடுவே சன் மூன் ஏரி இருக்கிறது. நீர்மின்சாரத்துக்காக அணை கட்டி உயர்த்திய ஏரிதான் அதுவும். சுற்றிவர ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அதில் ஒரு பகுதியில் சைக்கிளுக்கென்றே தண்ணீர் ஓரமாகத் தனிப் பாதை. அங்கே உல்லாசப் பயணி ஓடுகிறார் என்பது உண்மை. கந்தளாயில் ஓடப்போகிறவர் முதலில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்குப் பொருந்துகிற பாதை உல்லாசப் பயணிக்கும் பொருந்தும். பயணிக்கென்று ஹோட்டல் வாசலிலிருந்து போடுகிற பாதை அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போகாது.

2022 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்றது. உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், வங்கிக்காரர் என்று பல காலமாகச் சைக்கிளைத் தொடாதவர்கள் வீட்டுக் கொட்டிலில் கிடந்த பழைய லுமாலா சைக்கிளைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். புதுச் சைக்கிளின் விலை தலையைச் சுற்ற வைத்தது. ரயர், ரியூப் கிடைக்கவில்லை. அப்போது கொழும்பில் சைக்கிள் பாதை என்ற பேச்சு பலமாக எழும்பியது. பங்கீட்டுக் கியூஆர் அட்டை வந்தது, பெற்றோல் வந்தது, பேச்சு அடங்கியது. லுமாலாக்கள் திரும்பவும் கொட்டிலுக்குப் போய்விட்டன. வரிசைக்கு முன்னும் பின்னும் சைக்கிளைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் மட்டும் வீதியில் நிற்கிறார்கள். சைக்கிளுக்கு வருட வரி வாங்கித் தகடு கொடுத்த சபைகளும், லைற் இல்லை என்று மறித்த பொலிசும் உள்ள நாடு இது. வாங்கத் தெரிந்தது, கொடுக்கத்தான் தெரியவில்லை.

வீதியோ பாலமோ கட்டும்போது, வேலை முடியும்வரை சனம் எப்படிப் போகும் என்று கேட்காத பழக்கம் இந்த மாவட்டத்தில் உயிரையும் எடுத்திருக்கிறது. கிண்ணியாவில் 2009இல் நாட்டின் மிக நீளமான பாலத்தைத் திறந்தோம், 396 மீற்றர், பெருமைதான். அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்டி முடியாமல் கிடக்க, சனம் மிதவைப் பாதையில் ஏறியது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தார்கள். அதன் பிறகுதான் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஓரம் இல்லாத வீதியில் ஆட்கள் ஒவ்வொருவராக விழுவதால் அப்படி யாரும் ஓடி வருவதில்லை.

யானையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தளாய்க்கு அப்பால் அக்போபுரப் பக்கம் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். காரில் இருப்பவர் கண்ணாடியை ஏற்றலாம். சைக்கிளில் இருப்பவருக்கு முன்னால் நிற்பது யானையா இருட்டா என்று தெரிய வெளிச்சம் வேண்டும். யானை கடக்கும் இடங்களிலாவது சூரிய ஒளி விளக்கு போடுங்கள்.

உல்லாசப் பாதைக்கு வரைபடம் கீறுகிறவர்கள் கீறட்டும். நாங்கள் கேட்பது அதற்கு முன்னால் செய்யவேண்டியவை: தம்பலகாமச் சந்தியிலிருந்து கந்தளாய் வரை தாருக்குச் சமமான ஓரம், குளக்கட்டுக்குக் குறுக்குக் கம்பம், நெல்லுக்குத் தளம். அடுத்த முறை இந்த வீதிக்குத் தார் போட மதிப்பீடு தயாரிக்கும்போது, தாரின் உயரத்துக்கு ஓரத்தையும் உயர்த்தவேண்டும் என்று ஒரு வரியை அதில் எழுதுங்கள். அந்த ஓரத்தை அளந்து பார்க்காமல் வேலை முடிந்ததென்று யாரும் கையெழுத்து வைக்கக்கூடாது; ஒப்பந்தகாரருக்குக் கடைசிக் காசும் போகக்கூடாது.

இப்படிக்கு,
சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
தம்பலகாமம்.