விலைக்குப் பக்கத்தில் இன்னொரு எண்

தாம்பரம் ஜிஎஸ்டி சாலையில் பங்க்குக்குள் வண்டியை விட்டதும், "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்கிறார் பையன். ஜீரோ தெரிகிறது, விலை தெரிகிறது. போடுகிற சாதா பெட்ரோல் எத்தனை ஆக்டேன் என்பது மட்டும் கண்ணில் படுவதில்லை. யாழ்ப்பாணத்தில் 92, 95 என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மலேசியாவில் 95, 97. சிங்கப்பூரில் 98 கூட உண்டு. அமெரிக்காவில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் குழம்ப வேண்டாம்: அங்கே கணக்கே வேறு, அவர்களுடைய 87 ஏறக்குறைய நம் கணக்கில் 91.

ஆக்டேன் என்பது சக்தி அல்ல. சிலிண்டரின் அழுத்தத்தில் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன். டர்போ என்ஜினுக்கு அது போதாவிட்டால், வண்டலூர் மேம்பாலம் ஏறும்போது 'டிக் டிக்' என்று நாக்கிங் கேட்கும். புதிய வண்டியில் சென்சார் அதை அடக்கிவிடும். ஆனால் இழுவை குறையும். 2023இல் வந்த, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் ஆக்டேன் 95 என்பது நல்ல செய்திதான். அதே எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, மைலேஜ் இறங்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களுக்கும் ஆகாது. காசு கொடுப்பவருக்கு இரண்டும் தெரிய வேண்டும். ஆக்டேன் எண்ணையும் எத்தனால் சதவீதத்தையும் விலைக்குப் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில், தமிழில் எழுதுங்கள். எண்ணெய் நிறுவனங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.