நெய்க்குக் காவல் ஒரு கொத்து இலை

போடிநாயக்கனூர்ப் பக்கம் போனால் ஏலக்காய் மணம் தெருக்கோடியிலேயே எதிர்கொண்டு அழைக்கும். அந்த ஏலக்காயின் விலை அதன் பச்சை நிறத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நிறம் வெளுத்துவிடும். ஆகையால் கறுப்புப் பாலிதீன் உறையிட்ட சாக்குகளில் கட்டிப் பாதுகாக்கிறார்கள்.

வெளிச்சம், சூடு, காற்று ஆகிய இம்மூன்றும் உங்கள் சமையலறைக்கும் சத்துருக்கள்தாம். நெய்யிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்போடு காற்றின் பிராணவாயு சேரும்போது சிக்கு வாடை பிறக்கிறது. கெட்டுப்போன ஓர் அணுத்திரள் பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். ஊர் வம்பு பரவுவதைப் போலத்தான்!

இதைத் தடுக்க நம் பாட்டிமார் ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். வெண்ணெய் உருகிச் சடசடப்பு அடங்கும் தறுவாயில், ஒரு கொத்து முருங்கை இலையை உருவிப் போடுவார்கள். மணத்துக்காக என்பார்கள். ஆனால் இலையிலுள்ள சில சத்துக்கள், கொழுப்புக்குப் பதிலாகத் தாமே முன்வந்து அடியை ஏற்றுக்கொள்கின்றன. இவற்றைத்தான் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்கிறார்கள். கறிவேப்பிலையும் வெற்றிலையும் நெய் கெடுவதைத் தாமதப்படுத்துகின்றன என்று 1979-ல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

சரி, நெய்யைக் காக்கும் இலை, சாறாகவும் மாத்திரையாகவும் வந்தால் நம் உடம்பையும் காக்காதா என்று கேட்பீர்கள். கடைகளில் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும்.

இலைச்சாற்றின் சக்தியை அளக்க, 1958-ல் பிளாய்ஸ் என்பவர் வெளியிட்ட ஒரு சோதனையை இன்றும் கையாளுகிறார்கள். ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டால் அது மஞ்சளாக வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ, அவ்வளவு சக்தி! வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு வயிறும் இல்லை, ஈரலும் இல்லை.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். முருங்கைக் கீரையிலும் காரட்டிலும் இருக்கும் அதே சத்துதான். புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவோ தலைகீழ்! மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்.

இதைப் படித்துவிட்டுக் கீரையைக் கண்டு பயப்படாதீர்கள், சகோதரிகளே! கீரை ஆகாரம், அதிலிருந்து ஒரு சத்தை மட்டும் பிரித்துத் திரட்டிக் கொடுப்பது வேறு சங்கதி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் முருங்கைக் கீரை பொரியலோ கூட்டோ வையுங்கள். ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையை ஒதுக்காமல் மென்று சாப்பிடக் குழந்தைகளைப் பழக்குங்கள். இலைச்சாறு மாத்திரைகளையோ, தினசரி மருந்து சாப்பிடுகிறவர்களும் பிள்ளையுண்டாயிருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நெய்யைக் காய்ச்சி இறக்கியதும் இலையை வடிகட்டி, ஈரமில்லாத பாத்திரத்தில் ஊற்றி இறுக மூடி, அடுப்புக்கு எட்ட, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பழைய எண்ணெயோடு புதியதைக் கலக்காதீர்கள். பழையதின் கேடு புதியதையும் தொற்றும். வடித்தெடுத்த முருங்கை இலை மொறுமொறுவென்றிருக்கும். சூடான சாதத்தில் பிசைந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். மாத்திரைக்கு அந்த ருசி ஏது!