ஒரே டிக்கெட்டு

1932-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி, கராச்சியிலிருந்து ஒரு சிறிய ஆகாய விமானம் தபால் மூட்டையுடன் கிளம்பிற்று. ஜே. ஆர். டி. டாடா அதை ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் பெல்லாரி மார்க்கமாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். லண்டனிலிருந்து கராச்சி வரையில் அந்தத் தபாலைச் சுமந்து வந்ததோ இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் வேறொரு கம்பெனி. ஆனாலும், கடிதம் எழுதியவர் கராச்சியில் போய் நின்று அதைக் கை மாற்றிவிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை!

இந்தப் பழைய சமாசாரத்தை நாம் இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்காவுக்குப் புறப்படும் தாய்மார்கள் இன்று நம் வீடுகளில் அநேகர். சென்னையில் ஏறிப் பிராங்க்பர்ட்டில் விமானம் மாறிச் சிகாகோ போய்ச் சேருவது அவர்கள் செல்லும் வழிகளில் ஒன்று. இவ்விதப் பிரயாணத்துக்காகவே விமானக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. 1997-ல் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து 'ஸ்டார் அலையன்ஸ்' ஏற்படுத்தின. நமது ஏர் இந்தியா 2014-ல் அதில் சேர்ந்தது. 'ஒன்வேர்ல்டு' 1999-லும், 'ஸ்கைடீம்' 2000-லும் தோன்றின.

இங்கேதான் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு கம்பெனிகளும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்பது மட்டும் போதாது. டிக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட நேர்ந்தாலும், வேறு விமானத்தில் இடம் தேடித் தருவது கம்பெனியின் பொறுப்பு. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று இரண்டு டிக்கெட்டுகளாக வாங்கினாலோ, இரண்டாவது கம்பெனிக்கு நாம் நேரத்துக்கு வராத பிரயாணி, அவ்வளவுதான். புது டிக்கெட்டை நாமே வாங்க நேரிடலாம். பெட்டியை வழியில் எடுத்து மறுபடி ஒப்படைக்க நேர்ந்தால், அந்த நாட்டுக்குள் நுழைய விஸாவும் வேண்டியிருக்கும். அது இல்லாமல் பாஷை தெரியாத ஊரில் ஒரு வயதான அம்மாள் தனியே நிற்பதை நினைத்துப் பாருங்கள்!

பணம் கட்டுமுன் இன்னும் சிலவற்றைக் கேட்டுக் கொள்வது நலம். டிக்கெட்டில் ஒரு கம்பெனியின் பெயரும் எண்ணும் இருக்க, ஓட்டுவது வேறு கம்பெனியாக இருக்கலாம். ஓட்டுகிறவர் யாரென்று விசாரித்து, அந்தக் கம்பெனியின் கவுண்டருக்கே போக வேண்டும். பெட்டியில் கடைசி ஊரின் சீட்டு ஒட்டியிருந்தாலும், அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்தில் பொதுவாக அதை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். இடைவேளை ஒரு மணி நேரம் போதும் என்று அட்டவணை சொல்லலாம். அது ஓடக்கூடிய வாலிபர்களுக்கு. அம்மாவுக்கு மூன்று மணி நேரமாவது வைப்பதே உசிதம். சக்கர நாற்காலி தேவையானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

மிச்சம் பிடிப்பது நல்ல குணந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் 1932-ல் ஒரு காகித உறைக்குக் கிடைத்த பத்திரம், பெற்ற தாய்க்குக் கிடைக்க வேண்டாமா?