போட்டி முடிந்ததும் எப்படி வீடு திரும்புவது?

பெண்களுக்கு உதைபந்தாட்டத்தில் விருப்பமில்லை என்று சொல்பவர்கள் கையில் ஓர் ஆதாரத்தை வைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் மைதானத்தைக் காட்டும்போது கவனியுங்கள், கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள்தானே என்பார்கள். எங்கள் வீட்டில் நானாவும் இதைத்தான் சொல்வார். 2024ஆம் ஆண்டு ஜேர்மனியில் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தின் இரவு ஆட்டங்கள் இலங்கை நேரப்படி நள்ளிரவு 12.30க்குத் தொடங்கின. அவற்றில் பலவற்றை நானாவோடு சேர்ந்து நானும் பார்த்தேன். அந்த நாட்களில் கோல்களைப் பற்றிய செய்திகளோடு இன்னொரு செய்தியும் விடாமல் வந்துகொண்டிருந்தது. அது ரயிலைப் பற்றிய செய்தி. அதைத் தொடர்ந்து வாசித்தபோது நானாவின் ஆதாரத்துக்கு வேறொரு விளக்கமும் உண்டு என்று எனக்குப் பட்டது. மைதானத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு விருப்பம் ஒரு காரணம். ஆட்டம் முடிந்த பின் வீட்டுக்குப் போக நம்பிக்கையான ரயில் இருக்கிறதா என்பது இன்னொரு காரணம். இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதேயில்லை.

ஜேர்மனியின் ஏற்பாட்டைக் காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. பத்து நகரங்களில் போட்டிகள். மைதான டிக்கட் வைத்திருப்பவர் 36 மணித்தியாலங்களுக்கு அந்நகரப் பகுதியின் பஸ், ட்ராம், ரயில் எல்லாவற்றிலும் இலவசமாகப் போகலாம். நகரங்களுக்கிடையே ஓடும் ரயில்களிலும் ரசிகர்களுக்குக் கட்டணச் சலுகை கொடுத்தார்கள். காரில் வராதீர்கள், சூழலுக்குக் கேடு, ரயிலில் வாருங்கள் என்பதுதான் அழைப்பு. நல்ல அழைப்புத்தான். ஆனால் அழைத்த வீட்டில் ரயில் சரியாக ஓட வேண்டுமே!

அந்நாட்டு ரயில் நிறுவனமான டொய்ச்ச பான் வெளியிட்ட கணக்கின்படியே, 2024இல் தூர இடங்களுக்கு ஓடும் ரயில்களில் 62.5 வீதமானவைதான் நேரத்துக்கு வந்தன. இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் அவர்கள் கணக்கில் தாமதமே அல்ல. அதைவிட முக்கியமாக, முற்றாக இரத்துச் செய்யப்பட்ட ரயில் அந்தக் கணக்கிலேயே சேர்வதில்லை. பரீட்சைக்கு வராத பிள்ளைகளை விட்டுவிட்டுச் சித்தி வீதத்தைக் கணக்கிடுவது போன்றது இது. எங்கள் அதிபர் ஒருநாளும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

காரணம் ஒன்றும் இரகசியமில்லை. பல வருடங்களாகத் தண்டவாளத்துக்கும் சமிக்ஞைக்கும் போதிய பணம் செலவிடப்படவில்லை. பழுதான பாதையில் மேலும் மேலும் ரயில்களை விட்டார்கள். ஓரிடத்தில் ஒரு ரயில் நின்றால் அதன் பின்னால் வரும் எல்லாமே பிந்தின. பிராங்பேர்ட்டுக்கும் மன்ஹைமுக்கும் இடையிலான பாதை நாட்டின் மிக நெருக்கடியான பாதைகளில் ஒன்று. அதை முழுமையாகத் திருத்துவதற்காக 2024 ஜூலை 15ஆம் திகதி மூடினார்கள். இறுதிப்போட்டி நடந்தது ஜூலை 14இல். விருந்தாளிகள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து கூரையைப் பிரித்திருக்கிறார்கள்.

விருந்தாளிகள் பட்டது என்ன? ஜூன் 16ஆம் திகதி இங்கிலாந்தும் சேர்பியாவும் கெல்சென்கிர்ஷென் நகரில் விளையாடின. ஆட்டம் தொடங்கியது இரவு 9 மணிக்கு. மைதானம் பிரதான புகையிரத நிலையத்திலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, ட்ராமில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது. ஆட்டம் விட்டதும் பல்லாயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அந்த ட்ராமுக்கு முண்டியடித்தார்கள். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுப் பலர் இருட்டில் நடந்தே போனார்கள். போட்டித் தொடரின் பணிப்பாளராக இருந்தவர் ஜேர்மனியின் முன்னாள் அணித்தலைவர் பிலிப் லாம். உக்ரேன், ஸ்லோவாக்கியா ஆட்டத்துக்கு ரயிலில் புறப்பட்ட அவரே ஆட்டம் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார். அரையிறுதிக்கு முதல்நாள் நெதர்லாந்து அணி வொல்ஸ்பேர்க்கிலிருந்து டோர்ட்முண்டுக்குப் போக வேண்டிய ரயில் இரத்தானது. அணி விமானத்தில் பறந்தது. பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கவில்லை.

இந்தச் செய்தியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ரயில் இல்லாவிட்டால் விமானம் ஏறக்கூடியவர்களைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை. மைதானத்துக்கு வரும் எல்லோருக்கும் ஒரே ரயில்தான் என்றாலும், அந்த ரயில் வராவிட்டால் எல்லோருக்கும் ஒரே அளவு நட்டம் ஏற்படுவதில்லை. இருபத்தைந்து வயது இளைஞர் நால்வருக்கு அது ஒரு வேடிக்கை. மேடையில் உட்கார்ந்து விடியும்வரை பாட்டுப் பாடுவார்கள், அடுத்த வருடமும் அதைக் கதையாகச் சொல்வார்கள். அதே மேடையில் ஏழு வயது மகளோடு நிற்கும் தாய்க்கு அது வேடிக்கையல்ல. சக்கர நாற்காலியில் வந்தவர் நிரம்பி வழியும் பெட்டியில் ஏறவே முடியாது. அடுத்ததில் ஏறலாம் என்றால் அடுத்தது வருமா என்று யாருக்குத் தெரியும்? இவர்கள் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டால் மறுமுறை வர மாட்டார்கள். பத்து வருடம் கழித்துக் கூட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு ஆட்டத்தில் விருப்பமில்லை என்று முடிவுகட்டுவோம்.

நேரம் இன்னொரு சிக்கல். ஜூலை 5இல் ஹம்பேர்க்கில் போர்த்துக்கலும் பிரான்ஸும் இரவு 9 மணிக்கு விளையாடத் தொடங்கின. 90 நிமிடத்தில் கோல் இல்லை, மேலதிக நேரத்திலும் இல்லை, கடைசியில் பெனால்டி. எல்லாம் முடிய நள்ளிரவை எட்டிவிட்டது. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் 80ஆவது நிமிடத்தில் எழுந்து போயிருந்தால், காசு கொடுத்துக் கோலே இல்லாத ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனவர் ஆகிறார்.

நெரிசலும் எல்லோருக்கும் ஒன்றல்ல. இதை ஜேர்மனிக்குப் போய் அறிய வேண்டியதில்லை. இலங்கையில் பெண்களிலும் சிறுமியரிலும் 90 வீதமானோர் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொல்லைக்கு உள்ளாகியிருப்பதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு 2017இல் சொன்னது. பொலிஸுக்குப் போனவர்கள் 4 வீதம். இது சாதாரண நாட்களின் கணக்கு. சாதாரண நாளிலேயே பெட்டிக்குள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பவள், வெற்றிக் களிப்பிலோ தோல்விக் கோபத்திலோ குடித்துவிட்டு ஏறும் கூட்டத்தோடு இரவு பதினொரு மணிக்கு அதே பெட்டியில் ஏறுவாளா? எந்த நாட்டுப் பெண்ணும் இரண்டு தரம் யோசிப்பாள்.

ஏற்பாட்டாளர்கள் இதைத் தங்கள் பொறுப்பாக நினைப்பதில்லை என்பதே என் குற்றச்சாட்டு. 2022 ஏப்ரலில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில் லிவர்பூலும் மான்செஸ்டர் சிற்றியும் மோதின. இரண்டும் வடமேற்கு இங்கிலாந்தின் அணிகள். ஆட்டமோ லண்டன் வெம்பிளியில். அந்த வார இறுதியில் தண்டவாள வேலை காரணமாக அந்தப் பகுதிக்கும் லண்டனுக்கும் இடையே நேரடி ரயில் கிடையாது. வேறிடத்தில் நடத்துங்கள் என்று அப்பிரதேசத்தின் இரு மேயர்களும் எழுதிக் கேட்டார்கள். நடக்கவில்லை. ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு 100 இலவச பஸ்கள் கொடுத்தார்கள். வெம்பிளியில் 90 ஆயிரம் இருக்கைகள். மிச்சப் பேர் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கடுத்த மாதம் பாரிஸில் இது விளையாட்டல்ல என்பது தெரிந்தது. சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி நாளன்று ஒரு ரயில் பாதையில் வேலைநிறுத்தம். அதனால் கூட்டம் இன்னொரு பாதைக்குத் திரும்பியது. அந்தப் பாதையில் இறங்கியவர்கள் எல்லோரும் மைதானத்துக்கு வெளியே ஓர் ஒடுக்கமான வழியில் சிக்கினார்கள். பிள்ளைகளும் முதியவர்களும் நின்ற கூட்டத்தின் மீது கண்ணீர்ப் புகை அடிக்கப்பட்டது. ஆட்டம் 36 நிமிடம் பிந்தியே தொடங்கியது. முதலில் சொன்ன காரணம் என்ன தெரியுமா? லிவர்பூல் ரசிகர்கள் பிந்தி வந்தார்களாம்! முதன்மைப் பொறுப்பு யூஃபாவுடையது என்று, யூஃபாவே நியமித்த சுயாதீனக் குழு மறு வருடம் எழுதியது. ரயில் பிந்தினால் பயணி பிந்துவார். பழியை மட்டும் பயணியின் தலையில் போடுவது எல்லா நாட்டிலும் இலகுவாக இருக்கிறது.

வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதற்கு 2025இல் சுவிட்சர்லாந்தில் நடந்த மகளிர் ஐரோப்பியக் கிண்ணம் சாட்சி. டிக்கட் வாங்கியவர் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் போட்டி நகருக்கு இரண்டாம் வகுப்பில் இலவசமாகப் போய்வரலாம். மேலதிக ரயில்கள் விடப்பட்டன. 2024இல் அந்நாட்டு ரயில்களில் 93 வீதமானவை நேரத்துக்கு வந்தன. அதுவும் மூன்று நிமிடத்துக்கு மேல் பிந்தினாலே தாமதம் என்ற கணக்கில். பாசெல் நகரில் இறுதிப்போட்டி மாலை 6 மணிக்குத் தொடங்கியது. இங்கிலாந்தும் ஸ்பெய்னும் மேலதிக நேரம், பெனால்டி என்று இழுத்தும், ஐரோப்பியக் கோடை காலமாதலால் வெளிச்சம் இருக்கும்போதே ஆட்டம் முடிந்தது. 31 ஆட்டங்களுக்கும் மொத்தம் 657,291 பேர் வந்தார்கள். மகளிர் ஐரோப்பியக் கிண்ணத்தில் அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. தொலைக்காட்சியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். தகப்பன்மாரின் தோளில் சிறுமியர், கைகோத்த தோழியர், கொடியைப் போர்த்திக்கொண்ட பாட்டிமார். நானாவின் ஆதாரம் அங்கே செல்லாது.

சுவிட்சர்லாந்து சின்ன நாடு, பாசெல் மைதானத்தில் 34 ஆயிரம் பேர்தான் கொள்வார்கள், ஜேர்மனியோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தண்டவாளத்தை ஒரு கோடை காலத்தில் யாராலும் புதிதாகப் போட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டத்தை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதற்குத் தண்டவாளம் தேவையில்லை. இரவு 9 மணி என்பது தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு வசதியான நேரம். நேரசூசியை வைத்திருக்கும் ரயில்காரரிடம் முதலில் கேட்டுவிட்டு நேரத்தைத் தீர்மானித்தால் தொலைக்காட்சியில் சிலர் குறையலாம். மைதானத்தில் வேறு சிலர் கூடுவார்கள்.

எங்களைப் போன்ற பிள்ளைகள் ஒரு போட்டிக்கோ, விவாத அரங்குக்கோ, புத்தகக் கண்காட்சிக்கோ போகக் கேட்டால் உம்மாவும் வாப்பாவும் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு முடியும், எதில் திரும்பி வருவாய்?" என்பதைத்தான். இதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. எங்களை அடைத்து வைக்கப் பார்க்கிறார்கள் என்கிறோம். கெல்சென்கிர்ஷெனில் இருட்டில் நடந்த ஆயிரக்கணக்கானோரும் கேட்ட கேள்வி அதுதான், கொஞ்சம் பிந்திக் கேட்டார்கள். பெற்றோரிடம் எனக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அந்தக் கேள்வியை மகளிடம் மட்டும் கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் வீட்டிலேயே இரு என்று முடித்துவிடாதீர்கள். பாடசாலையிடமும், நிகழ்ச்சியை நடத்துபவர்களிடமும், பஸ்ஸையும் கோச்சியையும் ஓட்டுபவர்களிடமும் சேர்த்துக் கேளுங்கள்.

2029இல் மகளிர் ஐரோப்பியக் கிண்ணம் ஜேர்மனியில் நடக்கவிருக்கிறது. முக்கியமான பாதைகளை எல்லாம் 2030க்குள் திருத்தி முடிப்பதாகச் சொன்ன டொய்ச்ச பான், அந்த வேலை 2030களின் நடுப்பகுதிவரை நீளும் என்று இப்போது சொல்கிறது. பாசெலுக்கு வந்த அந்தச் சிறுமியருக்கு நான்கு வயது கூடியிருக்கும். இம்முறை ஜேர்மனியின் மேடைகளில் ரயிலுக்குக் காத்து நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தான். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதை மாற்றுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.