இரண்டடி மண் விடுங்கள்

எங்கள் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் வீடு பெரும்பாலும் மகளுக்காகத்தான் கட்டப்படுகிறது. உம்மம்மாவின் வளவு அவருடைய பெண்மக்களுக்குப் பிரிந்தது. உம்மாவின் துண்டு இப்போது எங்களுக்குப் பிரிகிறது. கடைசியில் ஆளுக்கு ஆறு பேர்ச், எட்டுப் பேர்ச். அதிலும் வீடு போக எஞ்சிய முற்றத்தை, கேற்றிலிருந்து கிணற்றடி வரை இன்டர்லொக் கல் பதித்து மூடிவிடுகிறார்கள். டைல்ஸின் நிறத்தைப் பற்றியாவது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மாரி மழை வளவுக்குள் இறங்காமல் ஒழுங்கைக்கு ஓடுகிறது. பகல் வெயிலைக் குடித்த கல், இஷாவுக்குப் பிறகும் வெக்கையைக் கக்குகிறது.

மாமரத்துக்கும் பலாவுக்கும் இனி இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மல்லிகைக் கொடிக்கு? மதிலோரம் இரண்டடி மண் போதும். கம்பியோ கயிறோ கட்டிவிட்டால் மேலே ஏறிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. பக்கத்து வீட்டுக் கொடியின் கிளையொன்றை வளைத்து, ஒரு கணுவை மண்ணுக்குள் புதைத்து வைத்தால் அது வேர் விடும். பிறகு வெட்டியெடுத்து, அரை நாளாவது வெயில் படும் பக்கமாக நடலாம். மாரியில் அடியில் வெள்ளம் தேங்காதபடி மண்ணைச் சற்று உயர்த்த வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் மறக்கக் கூடாது. பூத்து ஓய்ந்ததும் கத்தரித்துவிட வேண்டும். புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வரும். பாவம் பார்த்து வெட்டாதவர்களின் வீட்டில் இலைதான் மிஞ்சும்.

இதைச் சொன்னால் வரும் முதல் பதில், "பாம்பு வரும்." பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், பூவாசத்துக்கு அல்ல. கொடியின் அடியில் சருகும் உடைந்த ஓடும் குவியாமல் பார்த்துக்கொண்டால் அதற்கு அங்கே வேலையில்லை.

இரண்டாவது பதில், "மஃரிபுக்குப் பிறகு குமர்ப்பிள்ளைகள் பூவாசத்தில் நிற்கக் கூடாது." மஃரிப் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி ஹதீஸ் இருக்கிறதுதான். சற்று நேரம் சென்றதும் விட்டுவிடலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. மல்லிகையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. மாறாக, நறுமணச் செடியைத் தந்தால் மறுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

மல்லிகை மொட்டு அந்தியில்தான் விரியும். தம்பிமார் மைதானத்திலும் சந்தியிலும் நிற்கும் நேரம் அது. ரியூசன் முடிந்து வந்த நாங்கள் யன்னலோரம் புத்தகத்தோடு இருப்போம். அந்த நேரத்தில் வெளியிலிருந்து எங்களிடம் வரக்கூடியது ஒரு வாசம் என்றால், அதையும் கல்லால் மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வாப்பாமாரே, மேசனுக்கு முற்பணம் கொடுக்குமுன் மகளை மதிலடிக்குக் கூட்டிச் சென்று, எந்தப் பக்கம் மண் வேண்டும் என்று கேளுங்கள். பதித்த கல்லைப் பிறகு கிளப்புவதற்குக் கூலி வேறு கொடுக்க வேண்டிவரும்.